முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் மேடையேறிய லண்டன் நாடகம்: திருப்பூர் லைன் வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா?

நொய்யல்கரையாள் (திருப்பூர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். 2023 செப்டம்பரில் வேலை நிமித்தமாக லண்டன் சென்றிருந்தபோது, கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டில் உள்ள தியேட்டர் ராயலில் ஜொனாதன் ஹார்வி எழுதிய 'பியூட்டிஃபுல் திங்' என்ற நாடகத்தைப் பார்த்தேன். 1993ல் புஷ் தியேட்டரில் முதன்முதலாக அரங்கேறிய இந்த நாடகத்தை, முப்பதாம் ஆண்டையொட்டி ஆண்டனி சிம்சன்-பைக் என்ற இயக்குநர் மீண்டும் மேடையேற்றியிருந்தார். ஜேமி, ஸ்டே என்னும் இரு பையன்களாகவும் ஜேமியின் தாயாகவும் இம்முறை கறுப்பினக் கலைஞர்கள் நடித்தார்கள்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்கிழக்கு லண்டனின் தேம்ஸ்மீட் பகுதியில், அரசு வாடகைக் குடியிருப்பு ஒன்றின் நடைபாதையை ஒட்டி அருகருகே மூன்று கதவுகள் இருக்கின்றன. ஒரு வீட்டில் ஜேமியும், மதுக்கூடத்தில் வேலை செய்து அவனைத் தனியாக வளர்க்கும் தாய் சாண்ட்ராவும் வசிக்கிறார்கள். இன்னொரு வீட்டில், தந்தையிடமும் அண்ணனிடமும் அடி வாங்கியே வளரும் ஸ்டே. மூன்றாவது வீட்டில், பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு, மாமா காஸ் என்ற பழைய பாடகியின் பாடல்களைக் கேட்டே பொழுதைக் கழிக்கும் லியா. அடி பொறுக்க முடியாத ஒரு நாளில் ஸ்டே பக்கத்து வீட்டுக்கு வந்து தங்குகிறான். பையன்கள் இருவருக்கும் இடையே மெல்ல அன்பு துளிர்க்கிறது. தாய்க்குத் தெரியவருகிறது, சண்டையும் அழுகையும் நடக்கின்றன. கடைசியில் இருவரும் வாசலிலேயே கைகோத்து ஆடுகிறார்கள். தாயும் லியாவும் இன்னொரு ஜோடியாகச் சேர்ந்து ஆடுகிறார்கள். யாரும் சாவதில்லை, யாரும் ஊரை விட்டு ஓடுவதும் இல்லை.

இந்த எளிய முடிவு 1993ல் எவ்வளவு துணிச்சலானது என்பது, அன்றைய சட்டங்களைத் தேடிப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்போது இங்கிலாந்தில் ஆண் பெண் உறவுக்கான இசைவு வயது 16. இரு ஆண்கள் என்றால் 21. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கக் கூடாது என்று 1988ல் வந்த இருபத்தெட்டாம் பிரிவின் காரணமாக, வகுப்பறையில் இதைப் பற்றி வாய்திறக்கவே ஆசிரியர்கள் தயங்கினார்கள். ஹார்வி அதே தேம்ஸ்மீட்டில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். வகுப்பில் சொல்ல முடியாததை அவர் மேடையில் சொன்னார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பிரிவு இங்கிலாந்தில் 2003ல் நீக்கப்பட்டது; 2014 முதல் அங்கே தன்பாலினத் திருமணமே செல்லுபடியாகிறது. ஆகவே 2023ல் அரங்கில் இருந்தவர்கள், தாங்கள் கடந்துவந்த ஒரு காலத்தைச் சற்றே நிம்மதியோடு திரும்பிப் பார்த்தார்கள். நரைத்த தலையுடன் அமர்ந்திருந்த சிலர் வசனம் வருவதற்கு முன்பே சிரித்தார்கள்.

எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. அந்த மூன்று கதவுகளைப் பார்த்தவுடன் எங்கள் ஊர் லைன் வீடுகள்தான் கண்முன் வந்தன. ஒரே சுவர், ஒரே தண்ணீர்க் குழாய், ஒரு வீட்டில் தட்டு விழுந்தால் மூன்று வீட்டுக்கும் கேட்கும். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் நண்பர்கள் சிலர் சேர்ந்து சிறு நாடகக் குழு ஒன்றை நடத்திவருகிறோம். இந்த நாடகத்தை எடுத்துச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் வலுத்துக்கொண்டே வருகிறது. அதை லண்டனிலேயே நடப்பதாக வைத்து அப்படியே தமிழில் நடிப்பதா, திருப்பூருக்கு மாற்றுவதா? மாற்றினால் அந்தக் கடைசி ஆட்டத்தை என்ன செய்வது? லண்டனில் அது மறுமேடையேற்றம். இங்கே செய்தால் அதுவே முதல் மேடையேற்றம் என்பதால், தவறான இடத்தில் கை வைத்துவிடக் கூடாது என்று தயங்குகிறேன்.

---

பவானிக்கூடல் (ஈரோடு மாவட்டம்) எழுதுகிறார்:

சகோதரி, மாற்றிவிடுங்கள். லண்டனிலேயே வைத்து நடித்தால் நம் பார்வையாளர்கள் 'அது வெள்ளைக்காரன் ஊர்ச் சமாச்சாரம்' என்று சொல்லி வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்த வசதியை நாம் கொடுக்கக் கூடாது.

களத்தை மாற்றுவது நீங்கள் நினைப்பதைவிட எளிது. சாண்ட்ராவுக்குச் சொந்தமாக ஒரு மதுக்கூடத்தை நடத்த வேண்டும் என்ற ஆசை உண்டல்லவா? நம் தாய் ஓவர்லாக் மிஷினில் ஒன்றரை ஷிஃப்ட் உட்காருபவளாக இருக்கட்டும். நாலு மிஷின் வாங்கிப் போட்டுச் சொந்தமாக ஒரு பவர் டேபிள், அதாவது சிறு தையல் கூடம், வைக்க வேண்டும் என்பது அவள் கனவாக இருக்கட்டும். அந்தக் கனவை விட்டுவிடாதீர்கள். சாண்ட்ரா வெறும் 'நல்ல அம்மா'வாக இல்லாமல், தனக்கென ஆசையும் வாய்த்துடுக்கும் தனிப்பட்ட காதலும் உள்ள பெண்ணாக இருப்பதால்தான் அவளுடைய அன்புக்கு எடை கூடுகிறது. நம் மேடை அம்மாக்களை அழவிட்டே பழகிவிட்டது. ஸ்டேயின் முதுகுக் காயத்தில் ஜேமி தைலம் தடவுகிற இடத்துக்கு நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் நீலகிரித் தைலப் புட்டியே போதும். முன்வரிசை வரைக்கும் அந்த மணம் போகும். லண்டனில் அந்தக் கதை ஒரு கடும் வெயில் காலத்தில் நடக்கிறது. சித்திரை மாதத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள் என்பதால், எல்லாப் பேச்சும் வாசலில் நடப்பதற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது.

சிக்கல் முழுவதும் நீங்கள் சொன்ன கடைசி ஆட்டத்தில்தான் இருக்கிறது. தேம்ஸ்மீட்டில் இரண்டு பையன்கள் எல்லோரும் பார்க்கக் கைகோத்து ஆடினாலே பார்ப்பவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும். நம் ஊரில் அப்படித் தெரியாது. இங்கே இரண்டு இளைஞர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு கடைவீதியில் நடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டால் நல்ல சிநேகிதர்கள் என்பார்கள். கோயில் வாசலில் ஆண்கள் வரிசை கட்டி ஒயில் ஆடுகிறார்கள். லண்டனில் எது வெளிப்படுத்தியதோ அது கொங்கு நாட்டில் மறைத்துவிடும். நீங்கள் அந்த ஆட்டத்தை அப்படியே வைத்தால், 'பையன்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்' என்று மட்டும் எண்ணிக்கொண்டு பாதிப் பேர் எழுந்து போவார்கள்.

தமிழ் மேடைக்கே இதில் ஒரு பழைய கதை உண்டு. 1918ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய காலத்திலும் அதற்குப் பிறகு பல காலமும், பாய்ஸ் கம்பெனிகளில் ராஜபார்ட்டும் பையன்தான், ஸ்திரீபார்ட்டும் பையன்தான். அந்தப் பால சபையில் வளர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் ஈரோட்டிலும் முகாமிட்டு நாடகம் நடத்தியவர்கள். ஒரு பையன் முருகனாகவும் இன்னொரு பையன் வள்ளியாகவும் நின்று காதல் பேசியதை நம் பாட்டன்மார் விடிய விடிய உட்கார்ந்து ரசித்தார்கள். சேலை கட்டியிருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. அதனால் நம் பார்வையாளர்களுக்கு அன்னியமாக இருக்கப்போவது இரு ஆண்கள் மேடையில் நெருங்குவது என்று நான் நினைக்கவில்லை. எந்த வேடத்தின் மறைவும் இல்லாமல், 'நாங்கள் இப்படித்தான்' என்று நிற்பதுதான் அன்னியமாக இருக்கும். அந்த நிற்பதற்கு நம் ஊரில் என்ன செய்கை என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் நாடகம் கைக்கு வந்துவிடும்.

---

கோபி ஓய்வாசிரியர் எழுதுகிறார்:

அம்மணி, நான் இதற்கு எதிரானவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த முடிவை எங்கள் மண்ணில் நம்ப முடியுமா என்று கேட்கிறேன். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், சாதி மாறித் திருமணம் செய்துகொண்டதற்காகவே சங்கர் என்ற மாணவரை வெட்டிக் கொன்றார்கள். ஆணும் பெண்ணும், அதுவும் சட்டப்படி மணந்தவர்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், இரண்டு பையன்கள் வாசலில் ஆடி முடித்துச் சிரித்துக்கொண்டு நிற்பதை எப்படி எழுதுவீர்கள்?

பவானிக்காரர் பவர் டேபிளையும் தைலத்தையும் பற்றி அழகாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன்கள் என்ன சாதி என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. லைன் வீட்டில் தென்மாவட்டத்துக்காரர், ஒடிசாக்காரர், பீகார்க்காரர் எல்லோரும் குடியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்குச் சொந்தக்காரர் வாடகைக்கு விடும்போதே இன்னார் என்று விசாரித்துவிட்டுத்தானே சாவியைக் கொடுக்கிறார்? சாதியை விட்டுவிட்டால் நாடகம் பொய்யாகிவிடும். உள்ளே கொண்டுவந்தால் அதுவே மேடை முழுவதையும் பிடித்துக்கொண்டு, இந்தக் காதலை ஓரத்துக்குத் தள்ளிவிடும். இரண்டுக்கும் நடுவில் நடக்கத் தெரிந்த எழுத்தாளர் உங்கள் குழுவில் இருக்கிறாரா?

---

நொய்யல்கரையாள்:

ஐயா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் மூலத்தில் வன்முறை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டேயின் தந்தையும் அண்ணனும் நாடகம் முடியும் வரை பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்கள் திருந்துவதில்லை, மன்னிப்புக் கேட்பதும் இல்லை. அவர்களை ஒருபோதும் மேடைக்கு வரவிடாமல், சுவருக்கு அந்தப் பக்கத்திலேயே ஹார்வி நிறுத்திவைக்கிறார். பார்க்கிற நமக்கு அந்தச் சுவரின் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கிறது. அச்சம் நீங்கிவிட்டதால் அவர்கள் ஆடவில்லை. அச்சம் அடுத்த வீட்டில் இருக்கும்போதே ஆடுகிறார்கள். சாதியையும் அப்படியே அந்தச் சுவருக்கு அப்பால் வைக்க முடியும் என்று தோன்றுகிறது: வீட்டுக்காரரின் விசாரிப்பாக, ஒரே குழாயில் யார் முதலில் குடம் வைப்பது என்ற சச்சரவாக. பேசி விளக்காமல், இருப்பதாக மட்டும்.

கொலையில் முடித்தால் நம் ஊருக்கு அது பொருத்தமாக இருக்கும் என்று பலர் சொல்வார்கள். அப்படி முடிகிற கதைகள் நம்மிடம் ஏராளமாக இருக்கின்றன. அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஓர் இருபது வயதுப் பையன் அந்தக் கதைகளைச் செய்தித்தாளிலேயே படித்திருப்பான். அவன் இதுவரை பார்த்திராததைக் காட்டுவதற்காகத்தானே மேடைக்குச் செலவு செய்கிறோம்?

---

கோவை வழக்குரைஞர் எழுதுகிறார்:

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹார்வி உயிரோடிருக்கும் எழுத்தாளர். மொழிபெயர்க்கவும் தழுவவும் நடிக்கவும் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை என்பதால் மட்டும் அந்தத் தேவை போய்விடாது. களத்தையும் முடிவையும் மாற்றப்போகிறீர்கள் என்றால் அதையும் விண்ணப்பத்திலேயே தெரிவித்துவிடுங்கள்.

மேடையேற்றுவதற்கு முன் நாடகப் பிரதியை அதிகாரிகளிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டுமோ என்ற அச்சம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தை எதிர்த்து எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், அதன் முக்கியப் பிரிவுகளை 2013ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவித்துவிட்டது. ஆனால் ஒலிபெருக்கி, கூட்டம், அரங்கு வாடகை ஆகியவற்றுக்கான வழக்கமான அனுமதிகள் வேறு. எதிர்ப்புக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து ஊர் பார்த்திருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் போராட்டம் நடந்தபோது, அதிகாரிகள் முன்னிலையில் அவரிடம் ஓர் உடன்பாட்டில் கையெழுத்து வாங்கினார்கள். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த உடன்பாட்டுக்குச் சட்ட வலு இல்லை என்று தீர்ப்பளித்து அவர் பக்கம் நின்றது. ஆனால் அதற்குள் அவர் எழுத்தையே துறப்பதாக அறிவிக்க நேர்ந்திருந்தது.

பாத்திரங்களைப் பற்றி ஓர் அறிவுரை. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாத எவரும் குழந்தையே. மூலத்தில் பள்ளிப் பையன்கள். உங்கள் தழுவலில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இளைஞர்களாக ஆக்கிவிடுங்கள். நடிப்பவர்களும் வயது வந்தவர்களாகவே இருக்கட்டும். எதிர்க்க நினைப்பவர்களுக்கு எளிதாகக் கிடைக்கும் முதல் ஆயுதம் அதனால் இல்லாமல் போகும்.

ஒப்பீட்டுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கே தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயது வந்தோரின் இசைவான உறவை உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018 செப்டம்பர் 6 அன்று. நீங்கள் லண்டனில் அந்த நாடகத்தைப் பார்த்த அடுத்த மாதம், அதாவது 2023 அக்டோபர் 17 அன்று, அதே நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்தது. இதற்கிடையே 2021ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வீட்டை விட்டு வந்த இரு இளம்பெண்களின் வழக்கை விசாரித்தபோது, இதைப் புரிந்துகொள்வதற்காகத் தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். பிறகுதான் காவல்துறையின் தொந்தரவையும் 'மாற்றிவிடுகிறேன்' என்று சொல்லும் சிகிச்சைகளையும் தடுக்கும் ஆணைகளைப் பிறப்பித்தார். உங்கள் நாடகத்தில் நீதிமன்றக் காட்சி வைக்க வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. தயவுசெய்து வைத்துவிடவும் வேண்டாம். வழக்குரைஞர் வரும் காட்சிகளில் நாடகம் படுத்துவிடும் என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான்.

---

தாராபுரத்தாள் எழுதுகிறார்:

நான் நாடகம் அறிந்தவள் அல்லள். என் மகன் பெங்களூரில் வேலை செய்கிறான், அவனும் இப்படித்தான். பவானிக்கூடல் தம்பி கேட்ட அந்தச் செய்கை எது என்று எனக்குத் தெரியும் என்பதால் மட்டும் எழுதுகிறேன்.

அவன் என்னிடம் சொன்ன நாள் எனக்குக் கடினமாக இருந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். அழுதேன், சில நாள் பேசாமல் இருந்தேன், பிறகு பேசினேன். என் பிள்ளை, எங்கே போவேன்? உண்மையில் கடினமான நாள் பின்னால் வந்தது. என் அண்ணன் ஒரு பெண்ணின் ஜாதகத்தை மஞ்சள் தடவிய உறையில் வைத்துக் கொண்டுவந்தார். தாய்மாமன் கொண்டுவந்த ஜாதகம். நல்ல குடும்பம், பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது என்று சொல்லி அதை என் கையில் கொடுத்தார். 'வேலை நிலைக்கட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்லி இதுபோல எத்தனையோ தடவை தப்பித்திருந்தேன். அன்று அப்படிச் சொல்லாமல், உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்து, ஏன் என்பதையும் சொன்னேன். என் மகன் பக்கத்தில் நின்றிருந்தான். அவனுடைய சிநேகிதனும் விடுமுறைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தான், அவனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு என்ன நடந்தது என்பதை இங்கே எழுத விருப்பமில்லை. சீர்வரிசை, போக்குவரத்து எல்லாம் நின்றுபோனது என்பது வரை சொல்லலாம். உங்கள் நாடகத்தில் அம்மா ஆடுவதற்கு முன்னால் அந்த உறை மேடைக்கு வர வேண்டும் என்று தோன்றுகிறது. அவள் தையல் வேலை செய்பவள் என்றால் இன்னும் நல்லது. பவர் டேபிள் போடப் பணம் கொடுப்பதாகச் சொன்னவரே அந்த அண்ணனாக இருக்கட்டும்.

---

பவானிக்கூடல்:

அம்மா, வணக்கம். கடைசி வரியில் ஒரு நாடகாசிரியரின் வேலையைச் செய்துவிட்டீர்கள். பணமும் ஜாதகமும் ஒரே கையிலிருந்து வந்தால் அவள் எதைத் திருப்பிக் கொடுக்கிறாள் என்பது பேச்சில்லாமலே அரங்கம் முழுவதற்கும் தெரியும். வழக்குரைஞர் வயதைக் கூட்டச் சொன்னபோது எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது, ஏனென்றால் பள்ளிப் பருவத்துக்கே உரிய அந்தத் தடுமாற்றம் போய்விடும். இருபத்திரண்டு வயதில்தான் நம் ஊரில் ஜாதகம் வரத் தொடங்குகிறது என்பதால் இப்போது அந்த இழப்பு ஈடாகிவிடுகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். உறையைத் திருப்பிக் கொடுத்தவுடன் விளக்கை அணைத்துவிடாதீர்கள். நம் ஆட்களுக்கு அந்த இடத்தில் கைதட்டி முடித்துவிடத் தோன்றும். அண்ணன் வெளியேறிய பிறகு வாசலில் நான்கு பேர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி ரேடியோவின் சத்தத்தைக் கூட்ட வேண்டும். அதன் பிறகு ஆடட்டும். அதே ஆட்டந்தான், ஆனால் இப்போது யாருக்கும் அது வெறும் சிநேகிதமாகத் தெரியாது.

---

கோபி ஓய்வாசிரியர்:

தாராபுரத்து அம்மா எழுதியதைப் படித்த பிறகு, நம்ப முடியுமா என்று நான் கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சாதியைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. பிரதி எழுதி முடித்தவுடன் எனக்கு ஒரு படி அனுப்புங்கள், அம்மணி. சிவப்பு மையுடன் படிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

---

நொய்யல்கரையாள்:

எல்லோருக்கும் நன்றி. தாராபுரத்து அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன். அவருடைய ஒப்புதல் இல்லாமல் அந்த உறையை மேடைக்குக் கொண்டுவர மாட்டோம். உரிமை கேட்டு எழுதப்போகும் கடிதத்தில் வயது, களம், முடிவு மூன்றும் மாறுவதை விவரமாகத் தெரிவிக்கிறோம். அனுமதி கிடைத்தால் முதலில் பெரிய அரங்குக்குப் போகாமல், திருப்பூரிலேயே ஒரு மாடியில், அறிந்தவர்களை மட்டும் அழைத்து வாசிப்பாக நடத்தலாம் என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம். ஆசிரியர் ஐயாவுக்கு முதல் படி வரும்.

இப்போது எங்களுக்குத் தேவைப்படுவது அம்மா பாத்திரத்துக்கு ஒருவர். நாற்பதை ஒட்டிய வயது, இந்தப் பக்கத்துப் பேச்சு இயல்பாக வர வேண்டும், மேடையில் உண்மையாகவே மிஷின் ஓட்டத் தெரிந்திருந்தால் மிகவும் நல்லது. ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மட்டும். யாரையேனும் அறிந்திருந்தால் இங்கேயே தெரிவிக்கவும்.